கரண்ட் வைக்கும் முன்னால் கேட்க வேண்டியது

அடிவயிற்றுப் புற்றுநோய்க்காக ஒரு இளம்பெண்ணுக்குக் கரண்ட் வைக்கப் போகிறார்கள், அதாவது கதிர்வீச்சு சிகிச்சை கொடுக்கப் போகிறார்கள் என்றால், முதல் நாள் மெஷினில் படுக்கவைக்கும் முன்பே அவளுடைய சினைப்பையைப் பற்றிப் பேசிவிட வேண்டும். கல்யாணம் ஆகாத பெண்ணாக இருந்தாலும் பேச வேண்டும். எங்கள் கோபி பக்கம் அந்தப் பேச்சே எழுவதில்லை.

என் அக்கா மகளுக்கு 24 வயதில் மலக்குடலில் கட்டி. கோயமுத்தூரில் வைத்தியம். உயிரைக் காப்பாற்றிக் கொடுத்தார்கள், அந்த நன்றி என்றைக்கும் உண்டு. ஆனால் ஐந்து வாரக் கரண்ட்டுக்கு முன்னால் சினைப்பை பற்றி அங்கே ஒருவரும் வாய் திறக்கவில்லை. நான் கேட்கப் போனபோது அக்கா தடுத்துவிட்டாள்: "கண்ணாலம் ஆகாத புள்ளைய வெச்சுட்டு என்ன பேச்சு பேசறே? நாலு பேருக்குத் தெரிஞ்சா?" இன்று அந்தப் பெண்ணுக்கு மாதவிலக்கு நின்றுவிட்டது. ஐம்பது வயதில் வர வேண்டிய உடம்புச் சூடும் தூக்கமின்மையும் இப்போதே. எலும்பையும் கவனித்துக்கொண்டே இருக்க வேண்டும்.

ஒரு பெண்ணுக்கான சினைமுட்டைகள் பிறக்கும்போதே உள்ளவைதான், பிறகு புதிதாக ஊறுவதில்லை. அவற்றில் பாதியை அழிக்க 2 கிரேக்கும் (கிரே என்பது கதிர்வீச்சை அளக்கும் அலகு) குறைவான கதிர்வீச்சு போதும். 20 வயதுப் பெண்ணின் சினைப்பை ஏறக்குறைய 16 கிரேயில் மொத்தமாகச் செயலிழக்கும். மலக்குடல் கட்டிக்கு ஐந்து வாரத்தில் கொடுப்பதோ 45 முதல் 50 கிரே.

சரி, மருந்து கொடுத்துக் காப்பாற்ற முடியாதா? அந்தத் தேடல் நடக்கிறது. அடிபட்ட சினைமுட்டையைச் சாகவைப்பது பெரும்பாலும் அதற்குள்ளேயே இருக்கும் பி63 என்ற புரதம். அந்தச் சாவைத் தடுக்கும் ஸ்பிங்கோசின்-1-பாஸ்பேட் என்ற பொருள் எலிகளிலும் குரங்குகளிலும் பலன் தந்திருக்கிறது. எனக்கு இதில் பெரிய நம்பிக்கை உண்டு. கதிர்வீச்சிலிருந்து காக்க அமெரிக்க ராணுவ ஆராய்ச்சியில் பிறந்த அமிஃபோஸ்டின் என்ற மருந்து, தலை, கழுத்துப் புற்றுநோயாளிகளின் உமிழ்நீர்ச் சுரப்பிகளைக் காக்க 1999லேயே அங்கே அனுமதி பெற்றது. ஆனால் சினைப்பைக்கு என்று நோயாளிகளுக்கு வழக்கமாகக் கொடுக்கும் மருந்து எதுவும் இன்னும் வரவில்லை.

மஞ்சளில் இருக்கும் குர்குமினும் எலிச் சோதனைகளில் நல்ல பெயர் வாங்கியிருக்கிறது. அதைக் கேட்டதும் நம் ஈரோட்டு மஞ்சள்தானே என்று உறவுக்காரர்கள் மாத்திரை டப்பாவோடு வந்துவிடுகிறார்கள். குழம்பில் போடும் மஞ்சள் வேறு, மாத்திரையாக விழுங்குவது வேறு. குர்குமின் குடலில் சரியாக ஏறுவதில்லை. அதைவிட முக்கியம், கதிர்வீச்சிலிருந்து செல்லைக் காக்கிற பொருள் புற்றுநோய்ச் செல்லையும் காத்துவிடலாம். டாக்டரைக் கேட்காமல் தயவுசெய்து கொடுக்காதீர்கள்.

இன்றைக்குக் கைவசம் இருக்கும் வழிகள் வேறு. லேப்ராஸ்கோப்பியில், அதாவது சிறு துளை போட்டுச் செய்யும் ஆபரேஷனில், சினைப்பையைக் கதிர் படாத உயரத்துக்கு நகர்த்தித் தைத்து வைக்கலாம். எல்லோருக்கும் பலிக்காது, ஆனாலும் பலிக்கிறவர்களுக்கு மாதவிலக்கும் ஹார்மோனும் மிஞ்சும். இரண்டு வாரம் போல அவகாசம் கிடைத்தால் முட்டைகளை எடுத்து உறையவைக்கலாம். கர்ப்பப்பையும் கதிரில் பாதிக்கப்படும் என்பதால் பிள்ளையைச் சுமப்பது கடினமாகலாம், அதையும் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும்.

அம்மாவுக்குக் கூச்சமாக இருந்தால் அத்தையோ சித்தியோ கேளுங்கள். "டாக்டர், இந்தக் கரண்ட்டில் சினைப்பைக்கு எத்தனை கிரே போகும்? நகர்த்திவைக்க முடியுமா? முட்டை எடுத்துவைக்க நேரம் இருக்கிறதா?" இந்த மூன்றையும் கதிர் எங்கே படவேண்டும் என்று திட்டமிட எடுக்கும் சிமுலேஷன் ஸ்கேனுக்குத் தேதி கொடுக்கும் முன்பே கேளுங்கள், அந்தப் பெண்ணையும் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு.