மறுபடியும் டொப்பு
கம்ப்யூட்டர் தானா ஆஃப் ஆகுறது இன்னிக்கு இது நாலாவது தடவை. எக்ஸல்ல பாதி டைப் பண்ணும்போதுதான் கரெக்டா ஆஃப் ஆகும், சும்மா பாட்டு ஓடவிட்டா மட்டும் ராத்திரி பூரா ஜம்முனு ஓடும், என்ன வன்மம்யா இது? விண்டோஸ் நடந்ததையெல்லாம் குறிச்சு வைக்கிற ஈவென்ட் வியூவர்ல போய் பாத்தா கெர்னல் பவர் 41னு ஒரு வரி, அதாவது ஒழுங்கா ஷட்டவுன் ஆகாம நின்னுபோச்சாம். அடேங்கப்பா, அது எனக்குத் தெரியாதா? ரேமைக் கழட்டி ரப்பர் வச்சு தேய்ச்சாச்சு, ஃபேன்ல தூசி தட்டியாச்சு (அதுல ஒரு பல்லி முட்டை வேற), பிராசஸர் சூட்டைக் கடத்துற தெர்மல் பேஸ்ட்டும் புதுசா தடவியாச்சு, சூடு 55 டிகிரிதான் காட்டுது. சரி, உள்ள கரன்ட் குடுக்குற எஸ்எம்பிஎஸ்ஸா இருக்கும்னு கடைக்குத் தூக்கிட்டுப் போனா அங்க மூணு மணி நேரம் சமத்தா ஓடுது, கடைக்கார அண்ணன் என்னைய ஒரு மாதிரி பாக்குறாரு. வீட்டுக்கு வந்து பிளக்கை சொருகி ஆன் பண்ணிட்டு இன்னும் சேர்ல உக்காரக்கூட இல்ல. டொப்பு.