ரீலை முதலில் மோந்து பாருங்கள், விலையை அப்புறம் பேசலாம்

பழைய ரயில் படம், பாட்டுப் படம், குத்துச்சண்டைப் படம் என்று பிலிம் சேர்க்கும் நம்ம வேலூர்ப் பக்கத்து ஆட்களிடம் ஒரு பழக்கம் உண்டு. ரீல் கைக்கு வந்த அன்றைக்கே புரொஜெக்டரில் மாட்டி ஓட்டிப் பார்த்துவிட வேண்டும். தயவுசெய்து இதை விட்டுவிடுங்கள். அறுபது எழுபது வருஷம் தாங்கி நின்ற பிலிம் அந்த ஒரு ஓட்டத்தில் கிழிந்து போகும்.

டப்பாவைத் திறந்ததும் மோந்து பாருங்கள். வினிகர் வாடை அடித்தால் அசிடேட் என்ற பிளாஸ்டிக்கால் ஆன பிலிம் சிதையத் தொடங்கிவிட்டது. அதிலிருந்து வரும் அமிலமே சிதைவை இன்னும் வேகமாக்கும், பக்கத்து ரீல்களையும் பிடிக்கும். அதை உடனே வேறு அறைக்கு மாற்றுங்கள்.

அடுத்தது அளவு. 16 மி.மீ. பிலிமில் ஒரு ஃபிரேமின், அதாவது ஒரு தனிப் படத்தின் உயரம் 7.62 மி.மீ. இழுக்காமல் மேசையில் படுக்க வைத்து ஸ்டீல் ஸ்கேலால் 100 ஃபிரேம் அளந்தால் 762 மி.மீ. வர வேண்டும். 754 என்று வந்தால் ஒரு சதவீதம் சுருங்கியிருக்கிறது. எட்டு மில்லிமீட்டர்தானே என்று தோன்றும். ஆனால் ஓட்டைகள் பல்சக்கரத்தோடு பொருந்தாது, ஒவ்வொரு ஓட்டையின் ஓரமும் வரிசையாகக் கிழியும். அப்படிப்பட்ட ரீலைப் பல் இல்லாமல் உருளையில் ஓடும் ஸ்கேனரில்தான் ஏற்ற வேண்டும்.

35 மி.மீ. ரீல் கிடைத்தால் ஓரத்தில் ‘நைட்ரேட்’ என்று ஆங்கிலத்தில் அச்சாகியிருக்கிறதா என்று பாருங்கள். 1950களின் தொடக்கம் வரை அந்த வகை புழக்கத்தில் இருந்தது. எரியும்போது தனக்கு வேண்டிய ஆக்சிஜனைத் தானே உண்டாக்கிக்கொள்ளும் என்பதால் தண்ணீருக்குள் போட்டாலும் அணையாது. நன்றாகச் சிதைந்த ரீல் 41 டிகிரி சூட்டிலேயே தானாகத் தீப்பிடிக்கக் கூடும். அக்னி நட்சத்திரத்தில் நம்ம ஊர் வெயில் அந்த அளவைத் தொடும், மொட்டை மாடி ஷீட் அறையில் அதற்கும் மேலே போகும். நைட்ரேட் வீட்டில் இருக்கவே கூடாது. பஸ்ஸிலோ ரயிலிலோ தூக்கிக்கொண்டு போகவும் கூடாது. புனேயில் 1964 முதல் இயங்கும் தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகத்துக்கு எழுதிக் கேளுங்கள்.

டப்பாவுக்குள் பாச்சை உருண்டை போடாதீர்கள். ஐப்பசி, கார்த்திகை ஈரத்தில் பூஞ்சை பிடித்தால் தண்ணீர் தொட்டுத் துடைக்காதீர்கள். படத்தைத் தாங்கும் ஜெலட்டின் பூச்சு பூஞ்சை தின்ற பிறகு தண்ணீரில் கரையும், படம் துணியோடு வந்துவிடும். பரணும் வேண்டாம். வீட்டிலேயே குளுமையான அறையில், தரைமட்டத்துக்குச் சற்று மேலே, படுக்கை வசமாக அடுக்குங்கள்.

குத்துச்சண்டை ரீலுக்கு வேகம்தான் பெரிய தகராறு. மௌனப் படத்தை நொடிக்கு 24 ஃபிரேமில் ஓட்டினால் வீரர்கள் வெட்டுக்கிளி மாதிரி குதிப்பார்கள். ஆனால் சண்டைக்குள்ளேயே கடிகாரம் இருக்கிறது: ஒரு சுற்று மூன்று நிமிஷம். 16 மி.மீ.யில் ஓர் அடிக்கு 40 ஃபிரேம். வெட்டுப்படாத ஒரு சுற்று 72 அடி இருந்தால் அது நொடிக்கு 16 ஃபிரேமில் எடுத்தது, 108 அடி இருந்தால் 24. அமெரிக்காவில் எடிசனின் படப்பிடிப்புக் கூடத்தில் 1894இல் எடுத்த சண்டைக்கு மட்டும் இந்தக் கணக்கு செல்லாது. கருவியில் பிலிம் கொள்ளாததால் அங்கே ஒரு சுற்றே ஒரு நிமிஷம்தான். 1897 கார்பெட்–ஃபிட்ஸ்சிம்மன்ஸ் சண்டை 63 மி.மீ. அகலப் பிலிமில் எடுத்தது, இன்று துண்டுகளாகத்தான் மிஞ்சியிருக்கிறது. 16 மி.மீ.யில் “ஒரிஜினல்” என்று யாராவது விற்றால் பணத்தைப் பையிலேயே வைத்துக்கொள்ளுங்கள்.

பாட்டு ரீலில் எழுத்து இடம் வலமாக மாறித் தெரிந்தால் பிரிண்ட் கெட்டது என்று ஒதுக்காதீர்கள். 1940களில் அமெரிக்காவில் காசு போட்டால் பாட்டுப் படம் ஓடும் பெட்டிகள் இருந்தன. உள்ளே கண்ணாடியில் பட்டுத் திரைக்கு வருவதால் பிரிண்டையே திருப்பி அச்சடித்தார்கள். ஸ்கேன் எடுத்த பிறகு கணினியில் திருப்பிக்கொள்ளலாம்.

ரயில் விஷயத்தில் என் கருத்து கறாரானது. வெளிநாட்டு நீராவி இன்ஜின் ரீலுக்குக் கொட்டிக் கொடுப்பதை நிறுத்திவிட்டு நம்ம ஊர் வீட்டு அலமாரிகளைக் கேளுங்கள். தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் 1856இல் ராயபுரத்திலிருந்து வந்து சேர்ந்தது நம்ம வாலாஜா ரோட்டுக்குத்தான். தென்னிந்தியாவின் முதல் மௌனப் படத்தை எடுத்த நடராஜ முதலியார் வேலூரில் பிறந்தவர். அந்தக் ‘கீசக வதம்’ ஒரு பிரிண்ட்கூட இல்லாமல் போய்விட்டது. காட்பாடி–விழுப்புரம் பாதை மீட்டர் கேஜாக இருந்தபோது யாரோ ஒருவர் கல்யாண ஊர்வலத்தோடு சேர்த்துக் வேலூர் கன்டோன்மென்ட் ஸ்டேஷனையும் எடுத்திருந்தால், அந்த முப்பது நொடிக்கு ஈடு எதுவும் கிடையாது.

அப்படி ஒன்று கிடைத்தால் ஓரத்தில் பிலிம் தயாரித்த கோடாக் கம்பெனியின் குறியைத் தேடுங்கள். ஒற்றை வட்டம் என்றால் 1936, 1956 அல்லது 1976, ஒற்றைச் சதுரம் என்றால் அதற்கு அடுத்த வருஷம். குறிகள் இருபது வருஷத்துக்கு ஒருமுறை திரும்ப வரும். அது பிலிம் தயாரான வருஷம், படம் எடுத்த வருஷம் பின்னால் இருக்கலாம். பெட்டி கொடுத்தவரிடம் யார் எடுத்தது, எந்த ஊர், யார் கல்யாணம் என்று கேட்டு ஒரு காகிதத்தில் பென்சிலால் எழுதி டப்பாவின் வெளியே ஒட்டுங்கள். உள்ளே வைத்தால் அமிலம் அந்தக் காகிதத்தையும் தின்றுவிடும்.