பேனல் கிளினிக்கோடு நின்றுபோகும் காய்ச்சல்

கோலாலம்பூரில் வேலைக்குப் போகிறவருக்குக் காய்ச்சல் வந்தால் பெரும்பாலும் கம்பெனியின் பேனல் கிளினிக்குக்குத்தான் போவார். டாக்டர் தொண்டையைப் பார்ப்பார், நெஞ்சில் குழாய் வைப்பார், பாராசிட்டமோலும் இருமல் மருந்தும் கொடுப்பார், இரண்டு நாள் எம்.சி. (மருத்துவ விடுப்பு) கிடைக்கும். சீட்டில் 'யூ.ஆர்.டி.ஐ.' என்று இருக்கும், அதாவது மேல்சுவாசப் பாதைத் தொற்று. வந்தது இன்புளுவென்சாவா (ஃபுளூ), கோவிட்டா, ஆர்.எஸ்.வி. என்ற சுவாசக் கிருமியா என்று யாரும் பார்ப்பதில்லை. இளம் வயது, வேறு நோய் இல்லை என்றால் அது தெரியாமலேயே அவருக்குக் குணமாகிவிடும். ஆனால் ஊருக்கு அது தெரிந்தாக வேண்டும். செந்தூலில் ஒரு தனியார் கிளினிக்கில் பல வருடமாகக் கவுண்டரில் இருப்பவள் என்ற முறையில் இதைச் சொல்கிறேன்.

நம் நாட்டில் ஃபுளூவுக்குக் கண்காணிப்பே இல்லை என்று யாரும் நினைக்க வேண்டாம். சுகாதார அமைச்சு தேர்ந்தெடுத்த கிளினிக்குகளில் வாராவாரம் கணக்கு எடுக்கிறார்கள். கடந்த 10 நாளுக்குள் தொடங்கிய இருமல், 38 டிகிரி அல்லது அதற்கு மேல் காய்ச்சல். இரண்டும் இருந்தால் அவர் அந்தக் கணக்கில் சேர்வார். அதே நிலையில் மருத்துவமனையில் படுக்க வேண்டியவர்களுக்குத் தனிக் கணக்கு. இவர்களில் சிலருடைய மூக்கிலும் தொண்டையிலும் மாதிரி எடுத்து, குளிர்பெட்டியில் வைத்து, சுங்கை பூலோவில் உள்ள தேசியப் பொதுச் சுகாதார ஆய்வுக்கூடம் போன்ற இடங்களுக்கு அனுப்புகிறார்கள். அங்கே ஏ வகையா, பி வகையா, ஏ என்றால் எச்1என்1ஆ, எச்3என்2ஆ என்று பார்க்கிறார்கள்.

அந்தத் தகவல் நம் நாட்டோடு நிற்பதில்லை. உலகச் சுகாதார நிறுவனம் 1952 முதல் நடத்தும் இன்புளுவென்சா வலையமைப்புக்குப் போகிறது. அடுத்த தடுப்பூசியில் எந்தக் கிருமி இருக்க வேண்டும் என்று ஆண்டுக்கு இருமுறை, வடகோளத்துக்குப் பிப்ரவரியிலும் தென்கோளத்துக்குச் செப்டம்பரிலும், அவர்கள் முடிவு செய்வது இப்படி வரும் மாதிரிகளை வைத்துத்தான். 2006–07 பருவத்துத் தடுப்பூசிக்கு அவர்கள் பரிந்துரைத்த கிருமிகளில் ஒன்றின் பெயர் பி/மலேசியா/2506/2004. 2004இல் இங்கே யாரோ ஒரு நோயாளியிடமிருந்து எடுத்த மாதிரி உலகத்துக்கே தடுப்பூசியானது. அந்த நோயாளிக்கு அது தெரிந்திருக்குமா என்று அடிக்கடி நினைத்துக்கொள்வேன்.

குளிர்நாடுகளில் பனிக்காலம் வந்தால் ஃபுளூ வரும், எல்லோருக்கும் தெரியும். நமக்கு அப்படி ஒரு பருவம் கிடையாது. இங்கே ஆண்டு முழுக்க இருக்கிறது, ஏறும் மாதம் வருடத்துக்கு வருடம் மாறுகிறது. தடுப்பூசியின் பலமோ மாதங்கள் ஓட ஓடக் குறைகிறது. எப்போது போட்டுக்கொள்வது என்று நாள்காட்டியைப் பார்த்து முடிவு செய்ய முடியாது, வாரக் கணக்கைப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும். வீட்டில் எல்லோரும் இருமினால் 'புகைமூட்டம்', 'வெயிலும் மழையும் மாறி மாறி அடிக்குது' என்று சொல்லி விட்டுவிடுகிறோம். சில சமயம் அது உண்மைதான். எப்போது உண்மை இல்லை என்பதைக் கணக்குதான் காட்டும்.

ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது இந்தக் கண்காணிப்புக்கு அப்படியே பொருந்தும். எல்லோரையும் சோதிக்க வேண்டியதில்லை. ஆனால் பானையின் ஒரே ஓரத்திலிருந்து எடுத்துப் பார்த்தால் பதம் தெரியாது. இப்போது கணக்கு பெரும்பாலும் அரசாங்கக் கிளினிக்குகளிலும் மருத்துவமனைகளிலும் எடுக்கப்படுகிறது. பேனல் கிளினிக்குக்குப் போகிற தொழிலாளி, ஃபார்மசியில் சோதனைக் கருவி வாங்கி வீட்டிலேயே பார்த்துக்கொள்கிறவர், லீவு போட்டால் சம்பளம் போகும் என்று மருந்தை விழுங்கிவிட்டு எல்.ஆர்.டி. ஏறுகிறவர், மருந்தே வேண்டாம் என்று கசாயம் குடித்துப் படுத்திருக்கும் பாட்டி, இவர்களில் பலர் எதிலும் வருவதில்லை.

ஒரு திங்கட்கிழமை காலை, ஒரு தொழிற்சாலை வேனில் ஐந்தாறு வெளிநாட்டுத் தொழிலாளர்கள் வந்து இறங்கினார்கள். எல்லோருக்கும் ஒரே மாதிரி இருமல், உடம்புவலி. டாக்டர் இரண்டாமவரைப் பார்த்துக்கொண்டிருந்தபோதே என்னைக் கூப்பிட்டு, "இவங்க எல்லாம் ஒரே ஹாஸ்டலா, கேளுங்கம்மா" என்றார். கேட்டேன். ஒரே ஹாஸ்டல், ஒரே மாடி. டாக்டர் சூப்பர்வைசருக்கு ஃபோன் போட்டு ஆட்களைப் பிரித்து வைக்கச் சொன்னார். அவரால் முடிந்தது அவ்வளவுதான். அந்தக் கேள்வியையோ பதிலையோ எழுதி அனுப்ப எங்களிடம் ஒரு படிவம்கூட இல்லை.

யாருக்கு வருகிறது என்பது எத்தனை பேருக்கு வருகிறது என்பதைவிடப் பெரிய தகவலாகிவிடுவதுண்டு. 1998 செப்டம்பரில் பேராக் கிந்தாப் பகுதியில் மூளைக்காய்ச்சல் தொடங்கியபோது ஜப்பானிய மூளைக்காய்ச்சல் என்று நினைத்துக் கொசு மருந்து அடித்தார்கள். அந்த நோய் பெரும்பாலும் பிள்ளைகளைத்தான் தாக்கும். இங்கே விழுந்ததோ பன்றிப் பண்ணையில் வேலை செய்த பெரியவர்கள். 1999 மார்ச்சில் மலாயாப் பல்கலைக்கழகத்தில் டாக்டர் சுவா கா பிங் தனிமைப்படுத்திய கிருமிதான் நிபா. அதற்குள் நோய் நெகிரி செம்பிலான் வரை போயிருந்தது. இந்த நாட்டில் இறந்தவர்கள் 105 பேர். நிபா வேறு, ஃபுளூ வேறு, ஒப்பிடவில்லை. ஆனால் புதிதாக எது வந்தாலும் முதலில் அது வந்து நிற்பது ஏதோ ஒரு சின்னக் கிளினிக்கின் வாசலில்தான்.

2025 அக்டோபரில் என்ன நடந்தது என்று பெற்றோர்களுக்கு மறந்திருக்காது. சுமார் 6,000 மாணவர்களுக்கு இன்புளுவென்சா என்று கல்வி அமைச்சு சொன்னது, சில பள்ளிகளை மூடினார்கள். எங்கள் வட்டாரப் பெற்றோர்கள் புலனக் குழுவில்தான் விஷயத்தைத் தெரிந்துகொண்டார்கள், பாதி உண்மை, பாதி வதந்தி. தமிழ்ப்பள்ளி வாசலில் நின்ற ஒரு அம்மா, "பிள்ளையை அனுப்பலாமா வேண்டாமா, யாரைக்கா கேக்கிறது?" என்று கேட்டார். நியாயமான கேள்வி.

டெங்கி என்றால் கிளினிக் 24 மணி நேரத்துக்குள் மாவட்டச் சுகாதார அலுவலகத்துக்குச் சொல்லியாக வேண்டும். எந்த வட்டாரத்தில் டெங்கி அதிகம் என்று ஃபோனிலேயே பார்க்கலாம். இன்புளுவென்சாவுக்கு அவ்வளவு வேண்டாம். ஒவ்வொரு வட்டாரத்திலும் சில தனியார் கிளினிக்குகளைச் சேர்த்து, வாரம் ஒருமுறை நான்கு எண்கள் மட்டும் கேட்கட்டும்: மொத்தம் வந்தவர்கள், இருமலோடு காய்ச்சல் உள்ளவர்கள், அதில் பிள்ளைகள், 60 வயதுக்கு மேற்பட்டவர்கள். ஒரே இடத்தில் வசிப்பவர்கள் கூட்டமாக வந்தால் அதற்கும் ஒரு கட்டம். சிலருக்கு மட்டும் மாதிரி எடுத்து அனுப்ப, செலவை அரசாங்கம் ஏற்க வேண்டும். நோயாளியிடமோ டாக்டரிடமோ கேட்கக் கூடாது, கேட்டால் யாரும் செய்ய மாட்டார்கள். பெயரும் ஐ.சி. எண்ணும் தேவையே இல்லை.

அப்புறம் அந்த எண்களை வட்டாரவாரியாக, தமிழிலும் சேர்த்து வெளியிட வேண்டும். மலேசியா அனுப்பும் கணக்கு உலகச் சுகாதார நிறுவனத்தின் ஃபுளூநெட் இணையதளத்தில் இப்போதே எல்லோரும் பார்க்கும்படி இருக்கிறது, ஆனால் நாடு முழுமைக்குமான அந்த வரைபடத்தில் செந்தூலும் தெரியாது, பிரிக்பீல்ட்ஸும் தெரியாது. வெறும் எண்ணிக்கை போதாது, சோதித்த 100 பேரில் எத்தனை பேருக்கு உறுதியானது என்றும் போட வேண்டும். இல்லாவிட்டால் அதிகம் சோதித்த வாரம் அதிகம் பரவிய வாரம்போலத் தெரியும். தைப்பூசத்துக்கு இரண்டு வாரம் முன்னால் இந்தக் கணக்கு கையில் இருந்தால், பத்துமலைக்கு நடக்கப்போகும் 70 வயதுத் தாத்தா அதற்குள் ஊசி போட்டுக்கொள்ளலாம். ஊசி போட்டு உடம்பில் எதிர்ப்பு வர ஏறக்குறைய அந்த இரண்டு வாரம் பிடிக்கும்.