உடைத்தால் உள்ளே இருந்ததா?

கடிகாரத்தை உடைத்து உள்ளே உள்ள சக்கரங்களைப் பார்ப்பது போல என்று துகள்களை வேகப்படுத்தி மோதவிடும் துகள் மோதுவிப்பானை உங்கள் கட்டுரையில் விளக்கியிருக்கிறீர்கள். படிக்க நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் அந்த உவமை பாதி தூரம்தான் வரும். அதில் கண்டுபிடித்த ஹிக்ஸ் துகளின் நிறை, மோதவிடும் புரோட்டானைப் போல சுமார் 133 மடங்கு. டப்பாவை உடைத்தால் யானை வெளியே வருமா? அது உள்ளே இருக்கவே இல்லை. ஜெனீவா அருகே செர்ன் என்ற துகள் இயற்பியல் ஆய்வு மையத்தின் 27 கிலோமீட்டர் வளையத்தில் மோதும் புரோட்டான்களின் ஆற்றல்தான் புதிய துகளின் நிறையாக மாறுகிறது.

சரி, ஹிக்ஸை யாராவது நேரில் பார்த்தார்களா என்றால், இல்லை. பிறந்த கணமே சிதைந்துவிடும், உணர்கருவி வரைகூட வந்து சேராது. எப்போதாவது இரண்டு ஃபோட்டான்களாக, அதாவது ஒளித்துகள்களாகச் சிதையும். அவற்றின் ஆற்றலையும் திசையையும் அளந்து தாய்த்துகளின் நிறையைக் கணக்கிடுகிறார்கள். இப்படிக் கிடைத்த எண்களை எல்லாம் வரைபடமாகப் போட்டால், சரிந்து இறங்கும் கோட்டில் 125 கிகா எலக்ட்ரான் வோல்ட் (துகள்களின் நிறையைச் சொல்லும் ஆற்றல் அலகு) அருகே ஒரு சின்ன மேடு. அவ்வளவுதான்! அட்லஸ், சிஎம்எஸ் என்ற இரண்டு குழுக்களும் தனித்தனியாக அங்கேயே மேட்டைக் கண்டதால்தான் 2012 ஜூலை 4 அன்று துணிந்து அறிவித்தார்கள்.

அப்புறம், பெருவெடிப்பையே மீண்டும் நிகழ்த்துகிறார்கள் என்று நீங்கள் எழுதியிருப்பது கொஞ்சம் மிகை. பிரபஞ்சம் பிறந்த முதல் விநாடியின் மிகச் சிறு பங்கில் துகள்களுக்கு இருந்த ஆற்றலை ஒரு புள்ளியில் எட்டுகிறார்கள், அது வேறு. ஈய அணுக்கருக்களை மோதவிடும்போது ஒரு கணம் உண்டாகும் குவார்க்-குளுவான் குழம்பை, அதாவது புரோட்டான்களின் உட்கூறுகள் கட்டவிழ்ந்து கலந்த நிலையைப் பற்றியும் எழுதுங்களேன். எனக்கு ஹிக்ஸை விட அதுதான் சுவாரசியம்.