மச்சம் எந்தப் பக்கத்தில்?

(தஞ்சாவூரில் ஒரு வீட்டின் முன்னறை. வட்டாட்சியர் அலுவலகத்தில் பணியாற்றி ஓய்வு பெற்ற அப்பா, மகளின் ரெஸ்யூமேவைச் சிவப்பு மையால் திருத்திக்கொண்டிருக்கிறார். மகள் வணிகவியல் பட்டதாரி. திருச்சியில் ஓர் உதிரிபாக விற்பனை நிறுவனத்தில் 5 ஆண்டுகள் கணக்கு எழுதியவர். குழந்தை பிறந்த பின் 2 ஆண்டுகள் வீட்டில் இருந்துவிட்டு மீண்டும் வேலை தேடுகிறார். உள்ளே குழந்தை தூங்குவதால் விவாதம் தாழ்ந்த குரலில் நடைபெறுகிறது, தொடக்கத்திலாவது.)

அப்பா: தந்தை பெயர் இல்லை, பிறந்த தேதி இல்லை, அங்க அடையாளம் இல்லை. உன் பெயருக்குக் கீழே எடுத்த எடுப்பிலேயே ஜிஎஸ்டி வந்து நிற்கிறது. இந்தப் பெண் யார் வீட்டுப் பெண் என்று படிப்பவருக்கு எப்படித் தெரியும்?

மகள்: அவர் பெண் பார்க்க வரவில்லை, அப்பா. கணக்காளர் தேடுகிறார்.

அப்பா: பணிப்பதிவேடுகளோடு 34 ஆண்டுகள் குடித்தனம் நடத்தியவன் சொல்கிறேன், கேள். முதல் பக்கத்தில் பெயர், தந்தை பெயர், பிறந்த தேதி, உயரம், மச்சம். அதன் பிறகுதான் பணியில் சேர்ந்த நாளும், ஊதிய உயர்வும், மாறுதலும், நடந்தவை நடந்த வரிசையில் வரும். அந்த வரிசை தவறிய பதிவேட்டை நான் ஒரு நாளும் மேசையைத் தாண்ட விட்டதில்லை.

மகள்: பணிப்பதிவேடு, வேலை கிடைத்த பிறகு எழுதப்படுவது. அதைப் புரட்டுபவர் உங்கள் ஓய்வூதியத்தைக் கணக்கிட வேண்டியிருந்ததால் கடைசிப் பக்கம் வரை பொறுமையாகப் போனார். என்னுடையதைப் படிப்பவருக்கு அந்தக் கட்டாயம் இல்லை. எந்த வரியில் வேண்டுமானாலும் நிறுத்திவிட்டு அடுத்தவருடையதை எடுத்துக்கொள்வார். ஆகவே அவர் எங்கே நிறுத்தினாலும் அதற்கு மேலே என் வேலை இருக்க வேண்டும்.

அப்பா: அதற்காகக் காலவரிசையையே தலைகீழாக்குவதா? கடைசியாகப் பார்த்த வேலை முதலில் இருக்கிறது, பட்டப்படிப்பு அடியில் கிடக்கிறது, பத்தாம் வகுப்பில் நீ வாங்கிய 462 மதிப்பெண்ணைக் காணவே காணோம். அன்றைக்குத் தெரு முழுவதற்கும் இனிப்பு வாங்கிக் கொடுத்தவன் நான்.

மகள்: கல்லூரியை விட்டு இப்போதுதான் வெளியே வருகிறவர்கள் படிப்பை மேலே வைப்பார்கள், அவர்களிடம் காட்டுவதற்கு வேறு ஒன்றும் இல்லை. 5 ஆண்டுகள் வேலை பார்த்தவள் 462-ஐ மேலே வைத்தால், அதற்குப் பிறகு இவள் ஒன்றுமே செய்யவில்லையோ என்றுதான் நினைப்பார்கள்.

அப்பா: தினமும் மாலையில் பெரிய கோயிலைச் சுற்றி வருகிறேனே, அங்கே கல்லில் என்ன இருக்கிறது தெரியுமா? இராஜராஜ சோழனின் வெற்றிகளை அடுக்கிச் சொல்லும் மெய்க்கீர்த்தி. காந்தளூர்ச் சாலை முதலில், பிறகு வேங்கை நாடு, கங்கபாடி, கொல்லம், கலிங்கம், ஈழம் என்று வரிசையாக வந்து, முந்நீர்ப் பழந்தீவு பன்னீராயிரம் கடைசியில் நிற்கிறது. புதிய வெற்றி கிடைக்கக் கிடைக்கப் பட்டியலின் வாலில் சேர்த்துக்கொண்டே போனான். ஆயிரம் ஆண்டுகளாக அந்தப் பயோடேட்டா நிற்கிறது!

(உள்ளே குழந்தை சிணுங்குகிறது. இருவரும் மூச்சை அடக்கிக் காத்திருக்கிறார்கள்.)

மகள்: (கிசுகிசுப்பாக) அந்த மெய்க்கீர்த்தியில் அவனுடைய தந்தை சுந்தர சோழனின் பெயர் எந்த வரியில் இருக்கிறது?

அப்பா: (நெடுநேரம் யோசித்துவிட்டு) அதில் இல்லை.

மகள்: அவனுடைய சொந்தப் பெயர்?

அப்பா: வெற்றிகள் எல்லாம் முடிந்த பிறகு வருகிறது.

மகள்: ஆக, அவனுடையதில் தொடக்கத்தில் திருமகளைப் போல நிலமகளும் தனக்கே உரியவள் என்ற ஒரு சுருக்கம், அதன் கீழே செய்த வேலைகள், அதற்கும் கீழே பெயர். நான் பெயரையாவது உச்சியில் வைத்திருக்கிறேன். அவன் செய்த ஒரே பிழை, எண்ணிக்கையோடு சொல்லக்கூடிய பன்னீராயிரம் தீவுகளைக் கடைசியில் தள்ளிவிட்டு, காந்தளூர்ச் சாலையில் கலமறுத்ததை முதலில் வைத்ததுதான். அந்தக் கலமறுத்தலுக்கு என்ன பொருள் என்று அறிஞர்கள் இன்னும் வாதாடிக்கொண்டிருக்கிறார்கள். முதல் வரியே புரியாத ரெஸ்யூமேவை எந்த நிறுவனம் நேர்காணலுக்கு அழைக்கும்?

அப்பா: அவன் வேலை கேட்டு எழுதவில்லையே, அம்மா.

மகள்: நானும் அதைத்தான் சொல்கிறேன். சரி, ஒன்று கேட்கிறேன். உங்கள் அலுவலகக் கடிதத்தில் அனுப்புநர், பெறுநர் முடிந்தவுடன் என்ன வரும்?

அப்பா: "பொருள்" வரும், அதன் கீழே "பார்வை" வரும், அதன் பிறகுதான் செய்தி.

மகள்: செய்தியைச் சொல்வதற்கு முன்பே பொருளை எதற்காக எழுதுகிறீர்கள்?

அப்பா: அதிகாரி முழுவதையும் படிக்கமாட்டார் என்பதால்தான். ஏன், நானே பல கோப்புகளில் பொருளை மட்டும் பார்த்துவிட்டு... (நிறுத்துகிறார்.) இதை வெளியே எங்கும் சொல்லிவிடாதே.

(சிவப்புப் பேனா மூடப்படுகிறது. பிறகு மீண்டும் திறக்கப்படுகிறது.)

அப்பா: அப்படியானால் பொருளில் கனம் இருக்க வேண்டும். "ஐந்து ஆண்டு அனுபவம்" என்பதை யார் வேண்டுமானாலும் எழுதலாம். நீ அங்கே என்னதான் செய்தாய்?

மகள்: ஜிஎஸ்டிக்காக மூன்று கிளைகளின் விற்பனை விவரத்தை மாதந்தோறும் 11ஆம் தேதிக்குள்ளும், வரியைக் கணக்கிட்டுக் கட்டும் 3பி படிவத்தை 20ஆம் தேதிக்குள்ளும் தாக்கல் செய்தேன். ஐந்து ஆண்டுகளில் தாமதக் கட்டணமாக ஒரு ரூபாய் கூடக் கட்டவில்லை. சரக்கு அனுப்பியவர்கள் கணக்கில் காட்டாமல் விட்ட பில்களை ஜிஎஸ்டி தளம் தரும் 2பி அறிக்கையோடு ஒப்பிட்டுக் கண்டுபிடித்து, அவர்களைத் துரத்தித் துரத்திப் பதிவு செய்ய வைத்து, 12 லட்சம் ரூபாய் உள்ளீட்டு வரி வரவை, அதாவது கொள்முதலில் கட்டிய வரியைக் கழித்துக்கொள்ளும் உரிமையை, நிறுவனத்துக்கு வாங்கிக் கொடுத்தேன்.

அப்பா: பன்னிரண்டு லட்சமா? இதை ஏன் இரண்டாம் பக்கத்தில் "இதர திறன்கள்" என்பதற்குக் கீழே, டேலி தெரியும், தட்டச்சு தெரியும் என்பவற்றோடு சேர்த்துப் போட்டிருக்கிறாய்?

மகள்: சென்ற வாரம் அதை அங்கே மாற்றச் சொன்னவர் நீங்கள். தற்பெருமை முதல் பக்கத்தில் இருக்கக்கூடாது என்றீர்கள்.

அப்பா: அந்தத் திருத்தத்தை ரத்து செய்கிறேன். கட்டம் போட்டு, அட்டவணையாக அழகாக எழுது.

மகள்: அட்டவணை வேண்டாம். பல நிறுவனங்களில் முதலில் பிரித்துப் பார்ப்பது ஒரு மென்பொருள். கட்டங்களும் இரண்டு பத்தி அமைப்பும் இருந்தால், அது வரிகளை மாற்றிக் கோத்துப் படித்துவிடக்கூடும்.

அப்பா: எங்கள் தபால் பிரிவு எழுத்தரைப் போல என்று சொல். அவரும் உள்ளே இருப்பதைப் படிக்காமல்தான் பிரிவு பிரிவாக அனுப்புவார். அவருக்கு நாங்கள் உறையின் மேலேயே எழுதிவிடுவோம். அது போகட்டும், இந்த 2 ஆண்டுப் பணிமுறிவை என்ன செய்யப்போகிறாய்? அந்தச் சொல்லைக் கேட்டாலே எனக்கு வயிற்றைக் கலக்குகிறது.

மகள்: ஆண்டுகளை எடுத்துவிட்டுத் திறன்களை மட்டும் முன்னால் அடுக்கும் முறை ஒன்று இருக்கிறது. ஆனால் ஆண்டு இல்லாத இடத்தில்தான் படிப்பவர் முதலில் விரலை வைப்பார். ஆகவே நடந்ததை நடந்த இடத்திலேயே, "குழந்தை வளர்ப்பு" என்று ஒரே வரியில் எழுதிவிட்டேன்.

அப்பா: சரி. வரிசையைப் படி, கேட்கிறேன்.

மகள்: பெயர், கைபேசி எண், மின்னஞ்சல். மூன்று வரியில் சுருக்கம். பிறகு வேலை, அதில் 12 லட்சம் முதல் வரி. பிறகு திறன்கள், படிப்பு, தெரிந்த மொழிகள். அடியில், உங்களுக்காக, மேற்கண்டவை யாவும் உண்மை என்ற உறுதிமொழியும் இடமும் தேதியும்.

அப்பா: குறையொன்றும் இல்லை. இடது முழங்கைக்குக் கீழே இருக்கும் மச்சத்தை எங்கே சேர்க்கப்போகிறாய்?

மகள்: நேர்காணலில் கேட்டால் காட்டிவிடுகிறேன், அப்பா.

அப்பா: கேட்கமாட்டார்கள், அம்மா. அதனால்தான் எழுத்தில் இருக்க வேண்டும் என்கிறேன்.