சொல்லிக்கொடுத்ததை மட்டுமா சொல்கிறார்கள்?
கடுமையான நோயில் கிடக்கும் சிறுபிள்ளைகள் கடவுளைப் பற்றிப் பேசுவதெல்லாம் பெற்றோர் சொன்னதைத் திருப்பிச் சொல்வதுதான் என்று நான் படித்த ஒரு கட்டுரையில் வருகிறது. என்னால் ஏற்க முடியவில்லை. என் அக்கா மகளுக்கு ஏழு வயதில் ரத்தப் புற்றுநோய். குணமானால் பழனியில் மொட்டை போடுவதாக அக்கா வேண்டிக்கொண்டாள். கீமோ சிகிச்சையில் முடி கொத்துக்கொத்தாகத் தலையணையில் உதிர்ந்து கிடக்க, பிள்ளை என்னிடம் கேட்டாள்: “முடியே இல்லையே சித்தி, முருகனுக்கு எதைக் கொடுக்கிறது? கோவிச்சுக்குவாரா?” இதை யார் சொல்லிக்கொடுத்தது? அப்புறம் ஒருநாள், “தம்பியை அடிச்சதுக்குத்தான் சாமி எனக்கு ஊசி போட வைக்குதா?” என்றாள். தப்பு செய்தால் கெடுதல் தானாக வந்து சேரும் என்று சின்ன வயதில் நம்புவதைச் சுவிஸ் உளவியலாளர் பியாஜே 1932இலேயே எழுதியிருக்கிறார். அமெரிக்க மானுடவியலாளர் மைரா புளூபாண்ட்-லாங்னர் 1970களில் ரத்தப் புற்றுநோய் வார்டுப் பிள்ளைகளோடு பழகிப் பார்த்ததும் முக்கியம். யாரும் சொல்லாமலே சாவு நெருங்குவது அவர்களுக்குத் தெரிந்திருந்தது. பெற்றோருக்காகத் தெரியாததுபோல் இருந்தார்கள். அந்தக் கட்டுரைக்குக் கருத்து எழுதிய ஒருவர், நோயாளிப் பிள்ளையிடம் சாமி பேச்சையே எடுக்கக் கூடாது என்கிறார். நாம் எடுக்காவிட்டாலும் பிள்ளை தனியாக யோசித்துக்கொண்டுதான் இருக்கும். ‘உன்மேல் எந்தத் தப்பும் இல்லை, சாமிக்கு உன்மேல் கோபமும் இல்லை’ என்று பக்கத்தில் உட்கார்ந்து ஒருவர் வாய்விட்டுச் சொல்லியாக வேண்டும்.