கிரைண்டரும் கரண்ட் பில்லும்: ஒரு சின்னத் திருத்தம்

கிரைண்டர் முக்கால் மணி நேரம் ஓடுவதால்தான் பில் ஏறுகிறது, அதை நிறுத்தினால் பாதியாகக் குறையும் என்று மேலே ஒருத்தர் சொல்லியிருக்கீங்க. மன்னிக்கணுங்க, கணக்கு அப்படி வராது.

நம்ம கோயம்புத்தூர்ப் பக்கம் செய்யும் 2 லிட்டர் டேபிள் டாப் கிரைண்டர் பெரும்பாலும் 150 வாட்ஸ்தான். 1000 வாட்ஸ் ஒரு மணி நேரம் ஓடினால்தான் ஒரு யூனிட், அப்படிப் பார்த்தால் 40 நிமிசம் மாவாட்டினால் 0.1 யூனிட். தினமும் ஆட்டினாலும் இரண்டு மாசத்துக்கு 6 யூனிட். இதே 2000 வாட்ஸ் இண்டக்சன் அடுப்பு முழு வேகத்தில் மூன்றே நிமிசத்தில் அந்த 0.1 யூனிட்டை எடுத்துக்கும். எவ்வளவு நேரம் ஓடுதுன்னு மட்டும் பார்த்தால் போதாதுங்க, வாட்ஸையும் சேர்த்துப் பெருக்கணும்.

நீங்களே பார்த்துக்கலாம். மீட்டர் முகப்பில் சின்னதாக ஒரு சிவப்பு விளக்கு மினுங்கும். பக்கத்திலேயே ஒரு யூனிட்டுக்கு எத்தனை மினுக்கு என்று அச்சடித்திருக்கும். அது 3200 என்று வைங்க. ஃப்ரிட்ஜ், இன்வெர்ட்டர், மோட்டார் எல்லாத்தையும் அணைச்சிட்டு (இன்வெர்ட்டரைத்தான் நிறையப் பேர் மறந்துடறாங்க, அது பேட்டரிக்கு ஏத்திக்கிட்டே இருக்கும்), அரிசி போட்டுக் கிரைண்டரை மட்டும் ஓட விட்டு எண்ணுங்க. 150 வாட்ஸுக்கு நிமிசத்துக்கு 8 மினுக்கு, கூடக்குறைய வரும். ரொம்பக் கூடுதலாக வந்தால் வேறெதோ ஓடிக்கிட்டு இருக்கு, அதைத் தேடுங்க.

பெல்ட் தளர்ந்திருந்தால் டிரம் மெதுவாகச் சுத்தி, 40 நிமிச வேலை ஒரு மணி நேரமாகும். அப்பவும் 0.15 யூனிட்தானுங்க.